கதவு சொன்ன கணக்கு

வந்தவரின் ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. சலூன்காரரைக் காணோம்.

"எங்கய்யா போனாரு?"

"பின்னாடிதான். வந்துடுவாரு, அசையாம உக்காருங்க" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். இரண்டு கடைக்கும் பின்னால் ஒரே கக்கூஸ்.

அன்றைக்கு அது மூன்றாவது பாதிச் சவரம். முதல் இரண்டு பேரும் நுரையோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மருமகன் வீட்டில் கை நனைக்க வேண்டியதுதான்.

சலூன்காரர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தார். மூத்திரம் எரிந்தது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "முக்கியமான போன்" என்று சொல்லி ஓடிப் பார்த்தார். யார் அந்த முக்கியம் என்று தெருவே பேசி, பேச்சு மனைவி காதுக்குப் போனது. வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார். அவள் அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"புராஸ்டேட் வீங்கி, மூத்திரக் குழாயை நெரிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"போவேன்."

"ராத்திரிக் கணக்கு எங்கிட்ட இருக்கும்மா. அஞ்சு தடவை. பாதி நேரம் என் காலை மிதிச்சுட்டுத்தான் போவாரு" என்றாள் மனைவி.

"பகல் கணக்கை மூணு நாள் குறிச்சுட்டு வாங்க."

எழுத்துக்கும் அவருக்கும் ஆகாது. தையல்காரரிடம் ஒரு சாக்பீஸ் கேட்டார்.

"எதுக்குண்ணே?"

மானம் குறுக்கே வந்தது. "தண்ணித் தொட்டி சீக்கிரம் காலியாகுது. கக்கூஸ் கதவுல கோடு போட்டுக் கணக்குப் பாக்கணும்."

"நல்ல காரியம்ணே."

கணக்கு வந்தது. ஒரு பகலுக்கு மட்டும் இருபத்தாறு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கதவு அசரவில்லை, கோடு குறையவே இல்லை.

"அல்ட்ராசவுண்டை ஒரே புள்ளியில குவிச்சு, வீங்கின சதையைச் சுட்டுடலாம். பூதக்கண்ணாடியில வெயிலைக் குவிச்சுக் காகிதத்தை எரிக்கிற மாதிரி. கத்தி கிடையாது. புது வைத்தியம், எல்லாருக்கும் ஒத்துவரும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு வரும்னு நெனைக்கிறேன்."

நாற்பது வருஷம் கத்தி பிடித்தவர். கத்தியில்லாமல் காரியம் நடக்கும் என்பவனை அவர் நம்பியதே இல்லை.

"சத்தம்தானே? எந்தக் காதுல வைப்பீங்க?"

டாக்டரம்மா வைக்கிற இடத்தைச் சொன்னார். சலூன்காரர் எழுந்துவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வைத்தார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

மூன்று மாதம் கழிந்தது. நாற்காலியில் யார் நுரையும் காயவில்லை. ராத்திரி குறட்டை ஊரைத் தூக்கியது. "மறுபடி ஒரு தடவை பகல் கணக்கு எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. மறுபடி சாக்பீஸ், மறுபடி கதவு.

முதல் நாள் சாயங்காலம் எண்ணினார். பதினெட்டு.

அவருக்கு ஞாபகம் இருந்தது நாலே நாலு தடவை. மனைவியிடம் ஓடினார்.

"சத்தம் கீழ இருந்து தலைக்கு ஏறிடுச்சுடி. பதினாலு தடவை போயிட்டு வந்திருக்கேன், எனக்கே தெரியல."

"ராத்திரி ஒரு தடவைகூட நீங்க எந்திரிக்கலையே!"

"நீ தூங்கிருப்ப."

நினைவு தப்புகிறவன் கையில் அடுத்தவன் கழுத்தா? கடையைப் பூட்டினார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "தப்பா எண்ணியிருப்பீங்க" என்றார். மறுநாள் காலையில் திருகாணியைக் கழற்றி, தகரக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே நடந்தார். பின்னால் மனைவி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு.

டாக்டரம்மா ஒரு மெஷினில் அவரைப் போகவைத்துப் பார்த்தார். "குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வருது. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"மெஷின் பொய் சொல்லும். கதவுக்கு என்னம்மா அவசியம்? நான் இனிமே கத்தியைத் தொடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா கதவைப் பார்த்தார். கோடுகளை எண்ணினார். பதினெட்டேதான்.

அப்போது, கதவு போன வழியைத் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கியபடி தையல்காரர் உள்ளே வந்து விழுந்தார்.

"கதவை எதுக்குண்ணே கழட்டுனீங்க? தண்ணிக் கணக்குன்னு சொன்னீங்களேன்னு நானும் போறப்பல்லாம் நாணயமாக் கோடு போட்டேன், நீங்க நாலு நான் பதினாலு... அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இங்க கக்கூஸ் எங்கண்ணே இருக்கு?"