பிரேக் வாத்தியார் பலகை படித்த கதை

“ஞாயித்துக்கிழமை காலையில மூணு பூங்கா, ஒரு ஆறு! சைக்கிள்லயே உன்னைச் சுத்திக் காட்டறேன். வழியில இருக்கற அத்தனை பலகையையும் தூரத்துல இருந்தே படிச்சுச் சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் உன் தம்பியோட கண்ணாடிக் கடைக்கு வந்து உட்கார்றேன். தப்பலைன்னா, இந்த வீட்டுல கண்ணாடிங்கற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது!”

சமையலறை வாசலில் நின்று இப்படிச் சபதம் போட்டவர் பிரேக் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் மாணவர் காலடியில் ஒரு பிரேக், வாத்தியார் காலடியில் தனியாக ஒரு பிரேக். அதை மிதித்து மிதித்தே பேர் வாங்கியவர். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் வண்டி வேகமாக வந்தால் அவர் கால் தரையை அழுத்தும். மனைவி பேசும்போதும் அழுத்திப் பார்த்திருக்கிறார். நின்றதில்லை.

மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

“கண்ணாடி போட்டா என்னங்க குறைஞ்சு போயிடும்?” என்றார் டீச்சர், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கண்ணு நல்லா இருக்கறவன் எதுக்குப் போடணும்?”

“நேத்து குப்பை லாரியைக் கை காட்டி நிறுத்தினது யாரு?”

வாத்தியார் நிறுத்தியது உண்மை. பஸ் என்று நினைத்துத்தான் நிறுத்தினார். லாரியும் நின்றது, ஏனென்றால் அதை ஓட்டியவர் இவரிடம் ஓட்டப் பழகியவர். கதவைத் திறந்து, “ஏறுங்க சார், எங்க இறக்கி விடணும்?” என்று கேட்டுவிட்டார். மரியாதைக்காக ஏறி, அடுத்த நிறுத்தம் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு வாத்தியாரும் டீச்சரும் போக வேண்டியதாயிற்று.

“அவன் என் மாணவன். பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது. அதான் நிறுத்தினேன்.”

“ஓஹோ” என்றார் டீச்சர். அந்த ஓஹோவில் ஒரு வகுப்பே எழுந்து நின்றுவிடும்.

டீச்சருக்குக் கிண்டலைவிடக் கவலைதான் அதிகம். தினமும் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போகிற மனிதர். தூரத்துப் பலகை தெரியாவிட்டால் என்ன ஆவது? வாத்தியார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். “பலகையைச் சத்தமாப் படிங்க பார்ப்போம்! படிச்சாத்தான் பழக்கம் வரும்” என்று மாணவரை அதட்டுவார். மாணவர் படிப்பார், வாத்தியார் தெரிந்துகொள்வார். ஊரே இந்தப் பயிற்சி முறையைப் பாராட்டியது. ஆனால் எதிரே நிற்கும் காரின் எண்ணைப் படிக்க முடியவில்லை என்று எத்தனையோ பேரை, “போய்க் கண்ணைப் பார்த்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பியவர் அவர். அந்த வாயால் போய், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மச்சினன் முன்னால் எப்படி உட்காருவது? அவன் வேறு எப்போது பார்த்தாலும், “மாமா, ஒரு தடவை வாங்களேன்” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு மட்டும் எவ்வளவு தூரத்திலும் வாத்தியாருக்குத் தெளிவாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை வாத்தியார் சைக்கிளை எடுத்தார். “டயருக்குக் காத்தடிச்சுட்டு வரேன்” என்றார். திரும்பும்போது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

“காத்தடிக்க இவ்வளவு நேரமா?”

“ரெண்டு டயராச்சே.”

உண்மையில் அவர் மறுநாள் போகவேண்டிய வழி முழுவதையும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு பலகையின் அருகிலும் போய், மூக்கு உரசும்படி நின்று, எழுத்தெழுத்தாக உருப்போட்டார். ரோஜாப் பூங்காவின் தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, “பலகைக்கு முத்தம் கொடுக்கறீங்களா சார்?” என்று கேட்டார். “பெயின்ட் காஞ்சுதான்னு பார்க்கறேன்” என்று சொல்லித் தப்பித்தார் வாத்தியார்.

அன்று மாலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒத்திகை தொடர்ந்தது. துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், துணி மடித்துக்கொண்டு டீச்சர் நின்றிருந்தார்.

“உள்ள யாரோட பேசிட்டிருந்தீங்க?”

“பாட்டு.”

“வாத்துகளுக்கு உணவு போடாதீர்கள்னு ஒரு பாட்டா?”

“புதுசு” என்றார் வாத்தியார்.

டீச்சர் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனதுக்குள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார்! ஆற்றைத் தாண்டியதும் மச்சினன் கடை. அதன் முன்னால் சைக்கிள் மணியை நீளமாக ஒரு அடி அடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போகவேண்டும். அதை நினைத்தே சாப்பிடும்போது தனியாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. லேசான தூறல் விட்டு, மரமெல்லாம் கழுவி வைத்தாற்போல் இருந்தது. வாத்தியார் முன்னே, கூடை வைத்த சைக்கிளில் டீச்சர் பின்னே. தெருவைத் தாண்டி ரோஜாப் பூங்காவுக்குள் நுழைந்ததும் குளிர்ந்த மண் வாசனை மூக்கில் ஏறியது. நடைப்பயிற்சிக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். வாத்தியாருக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது.

“அதோ பலகை! படிக்கட்டுமா? சைக்கிளில் செல்வோர் மணி அடித்துச் செல்லவும். பூக்களைப் பறிக்காதீர்கள்!”

டீச்சர் எட்டிப் பார்த்தார். “அட, ஆமாங்க!”

“அடுத்தது வளைவு தாண்டி வரும்… வந்தாச்சு! புல்வெளியில் நடக்காதீர்கள்!”

“அசத்தறீங்களே!”

குளத்துப் பூங்காவில் பாதை தண்ணீரை ஒட்டி வளைந்து வளைந்து போயிற்று. வாத்துகள் வரிசையாக நீந்தின. வாத்தியார் ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து வாத்துகளுக்கு டாட்டா காட்டினார். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு காலை வாய்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்திருந்தது.

“வாத்துகளுக்கு உணவு போடாதீர்கள்!” என்று முழங்கினார்.

“அந்தப் பாட்டுல வர்ற வரி இல்ல?” என்றார் டீச்சர்.

“பாட்டு எழுதினவரும் இங்கதான் வந்திருப்பார். மிதி, மிதி!”

மூன்றாவது, குழந்தைகள் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, சின்ன ரயில். அங்கே இருந்த பலகைகளையும் வாத்தியார் வெளுத்து வாங்கினார். பின்வாசல் வழியாக வெளியே வந்தால், அடேயப்பா, ஆறு! காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கரையோரம் இரும்புக் கம்பி வேலி, அதை ஒட்டி வழுவழுவென்று சைக்கிள் பாதை. படகுகள் ஆடின. இனி பாக்கி ஒரே ஒரு பலகைதான். பாலத்துக்கு முன்னால், வேலி ஓரமாக நிற்கும் மஞ்சள் பலகை. அதையும் படித்துவிட்டால் பாலம், பாலத்தைத் தாண்டினால் மச்சினன் கடை, மணி!

“என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன். தண்ணி குடிச்சுக்கறேன்.”

ஒரு மரத்தடியில் இறங்கினார்கள். டீச்சர் நிதானமாக இரண்டு மடக்குக் குடித்தார். பாட்டிலை மூடினார். பிறகு ஆற்றுப் பக்கம் விரலை நீட்டினார்.

“அதோ மஞ்சளா இருக்கே, அதுல என்ன போட்டிருக்கு?”

வாத்தியார் பார்த்தார். வேலி ஓரம். மஞ்சள். ஆள் உயரம். வந்தேவிட்டது! இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஆறே கேட்கும்படி ஆரம்பித்தார்.

“ஆழம் அதிகம்! இங்கே குளிக்காதீர்கள்! இதன் மேல் சாயாதீர்கள்! ஏறி உட்காராதீர்கள்! இதில் விளம்பரம் ஒட்டாதீர்கள்!”

மஞ்சள் பலகை திரும்பிப் பார்த்தது.

பிறகு தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இவர்களை நோக்கி நடந்தே வந்தது.

“ஐயா, என்னைப் பத்தியா சொல்றீங்க?” என்றார் மீன் பிடிக்க வந்த அந்தப் பெரியவர். “என் மேல யாருங்க ஏறி உட்காரப் போறாங்க?”

வாத்தியாரின் வலது கால் தன்னிச்சையாகத் தரையை அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை.

“நீங்க… நீங்க பலகையை மறைச்சுக்கிட்டு நின்னீங்க. அதான்.”

“பலகையா? அது பாலத்துக்குப் பக்கத்துலல்ல இருக்கு. இன்னும் ரெண்டு வளைவு போகணும்” என்றார் பெரியவர். அவர் வாத்தியாரை ஒருமுறை, டீச்சரை ஒருமுறை பார்த்தார். குடும்ப விஷயம் என்று புரிந்திருக்க வேண்டும். மழைக்கோட்டின் முதுகை எட்டித் தடவிப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் வாத்தியாரை இன்னும் பயமுறுத்தியது.

“என் கிளாஸ்ல பாதிப் பேர் இப்படித்தாங்க. பாடத்தை மனப்பாடம் பண்ணிட்டு, புஸ்தகத்தைப் பார்த்துப் படிக்கற மாதிரியே நடிப்பாங்க. அசல்ல படிக்கறாங்களான்னு பார்க்க, நான் வேற வரியில விரல் வைப்பேன். அவங்க பாட்டுக்கு மனப்பாட வரியைச் சொல்வாங்க.”

“அப்ப, குளியலறையில நான்…”

“எல்லாப் பலகையும் கேட்டுது. வரிசை மாறாம.”

“இருந்தும் ஏன் கூட வந்தே?”

“நீங்க எனக்காக நேத்து காலை முழுக்க வழி பார்த்துட்டு வந்திருக்கீங்க. எப்படி வராம இருப்பேன்? காலையிலேருந்து எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா?” டீச்சர் குரல் இறங்கியது. “ஆனா தினமும் நீங்க அந்தக் கார்ல ஏறினதுலேருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு வேற எதுலயும் மனசு ஓடறதில்லைங்க. அதான்.”

வாத்தியாருக்கு என்னவோ போலிருந்தது. உள்ளே எங்கோ உருகியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆள் அப்படி.

“இத பாரு. மனப்பாடம் பண்ணினேன், ஒத்துக்கறேன். சும்மா ஒரு ஜாக்கிரதைக்குப் பண்ணினேன். மழைக்கோட்டுல ஏமாந்தேன், அதையும் ஒத்துக்கறேன். யாரும் ஏமாறுவாங்க. அதுக்காகக் கண்ணு தெரியலைன்னு அர்த்தமா? உன் தம்பி கடையெல்லாம் இன்னிக்கு லீவு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம். வா, வீட்டுக்குப் போகலாம்.”

“கடையைத் திறந்து வைக்கச் சொல்லிக் காலையிலேயே போன் பண்ணிட்டேங்க. நம்மளைக் கூட்டிட்டுப் போக அவனே வந்துட்டான். அதோ பாதையில நடந்து வந்து, உங்களைப் பார்த்துக் கையாட்டறான் பாருங்க.”

பிரேக் வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மச்சினனிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தில் ஒரு கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு, பாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“எங்கே?”