எங்கே தங்கணும்னு என்கொயரி அக்கா சொல்லணும்

காஞ்சிபுரத்தில் எத்தனையோ கோயில்கள், எத்தனையோ சாமிகள். ஆனால் வெளியூர்க்காரர் இந்த ஊரில் எந்தப் பக்கம் படுத்துத் தூங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அதில் ஒரு சாமிக்கும் கிடையாது. அந்த இலாகா முழுக்க என்கொயரி அக்காவிடம் இருந்தது.

அக்கா ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம், பேசினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரல். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நமக்கு நேரம் சரியாக இருக்கும்.

மற்ற ஆட்டோக்காரர்கள், "எங்க சார் போவணும்?" என்பார்கள். அக்காவின் முதல் கேள்வி, "நீங்க குறட்டை விடுவீங்களா சார்?"

கேட்டவர் திகைத்து நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும். "காலையில எத்தினி மணிக்கு எழுந்துப்பீங்க? டிபன் லேட்டானா கோவம் வருமா? வீட்டம்மாவுக்கு முட்டி வலி இருக்குதா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு. எட்டு மணி வரை தூங்குகிறவரென்றால், "உனக்குக் கோயில் பக்கம் வேணாம்பா. விடியக்காலம் ஸ்பீக்கர் போட்டா நீ சாமியவே திட்டுவ. ஊருக்கு வெளிய, ஓரிக்கை பக்கம் போயிடு." மும்பையிலிருந்து வந்த ஒருவர், சத்தம் இல்லாவிட்டால் தனக்குத் தூக்கமே வராது என்றாராம். அவரைப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இறக்கிவிட்டார். அதிலும் வேலூர் பஸ் திரும்புகிற பக்கம் ரூம். அந்த ஹாரன்தான் நயமான ஹாரனாம்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாக இல்லை. எங்களிடம் ரூம் போட்டுவிட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வந்து சேரவே மாட்டார்கள். போன் மட்டும் வரும். "சார், ஆட்டோம்மா எங்களுக்கு உங்க ஏரியா ஒத்துக்காதுன்றாங்க. கேன்சல் பண்ணிடுங்க."

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வயதான தம்பதி. கணவருக்கு ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் தங்கணும், மனைவிக்கு வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம், அதாவது ஊரின் அந்தக் கோடியில் சின்ன காஞ்சிபுரம். ஆட்டோவிலேயே சண்டை. அக்கா கணவரைக் கொண்டுவந்து எங்கள் லாட்ஜில் இறக்கினார். மனைவியைச் சின்ன காஞ்சிபுரத்துக்கு ஓட்டிப் போய்விட்டார். "முப்பது நாப்பது வருசம் ஒண்ணா இருந்துட்டீங்க. ரெண்டு நாளு தனியா இருந்துதான் பாருங்களேன்!" மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கணவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ரெண்டு முழம் மல்லிகைப் பூவோடு ரூமைக் காலி செய்தார். எனக்கு ஒரு ரூம் போச்சு.

"அவ கமிஷன் வாங்கறாடா!" என்று முதலாளி குதிப்பார். வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நெல் வயலை விட லாட்ஜ் லேசான வேலை என்று நம்பி வந்தவர். உண்மையில் கமிஷன் தருகிறோம் என்று பேச்செடுத்த லாட்ஜுகளின் பக்கம் அக்கா அப்புறம் ஆட்டோவைத் திருப்பியதே இல்லை.

நானே போய் நியாயம் கேட்டேன். "எங்க லாட்ஜுல என்னக்கா குறை?"

"லாட்ஜு நல்லாத்தான் இருக்குது. நீயும் நல்லாத்தான் இருக்கற. பொருத்தம்னு ஒண்ணு இருக்குதில்லபா?"

இந்த நிலைமையில் முதலாளி மகளுக்கு வரன் வந்தது. மதுரையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் பெண் பார்க்க வருகிறார்கள். நூற்றொன்றாம் நம்பர் ரூமுக்குப் புது பெயிண்ட், புது ஏசி, புது மெத்தை. வாசலில் வாழைமரம், பம்பை, உடுக்கை, பத்தாயிரம் வாலா பட்டாசு. "வண்டி வாசல்ல நின்ன செகண்டு கொளுத்தணும்" என்று பட்டாசுக்காரரிடம் நூறு தடவை சொல்லி வைத்திருந்தார். ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய காருக்குப் பூ அலங்காரம் செய்யவே நேரமாகிவிட்டது. ரயில் அன்றைக்கென்று பார்த்து முன்னாலேயே வந்துவிட்டது.

முதலாளிக்கு ஒரு போன். பேசி முடித்தபோது அவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"சின்ன காஞ்சிபுரத்துல தங்கிட்டாங்களாம். ஒரு ஆட்டோம்மா நல்ல எடமா பாத்து வெச்சாங்களாம். டேய், அவள இங்க கூட்டிக்கினு வா! இல்லன்னா இன்னையோட நீ வீட்டுக்குப் போயிடு!"

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஸ்டேஷன் வாசலில் அக்கா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நானே சொல்லணும்னு இருந்தேன், வா" என்று ஆட்டோவைக் கிளப்பினார். நான் பின்னாலேயே வந்தேன்.

லாட்ஜ் வாசலில் முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா ஆட்டோவை நிறுத்தினார். முதலாளி வாயைத் திறந்தார்.

வண்டி வாசலில் நின்றுவிட்டதல்லவா? பட்டாசுக்காரர் கொளுத்திவிட்டார்.

ஐந்து நிமிடம் காஞ்சிபுரமே ஆடியது. பம்பைக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாரென்று நினைத்து அக்காவைச் சுற்றி வந்து அடித்துத் தள்ளினார்கள். புது ரூமின் கண்ணாடி ஜன்னல் விரிசல் விட்டது. ஒரு வாழைமரம் சாய்ந்தது. முதலாளி என்னை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்ன பேசினாலும் வாய் மட்டும்தான் அசைந்தது.

புகை கலைந்ததும் அக்கா நிதானமாகச் சொன்னார். "மாப்ளையோட அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேசன் பண்ணி ஒரு மாசம்தான் ஆவுதாம் முதலாளி. வரன் தட்டிப் போயிடப் போவுதுன்னு அவங்க உங்ககிட்ட சொல்லல. ஸ்டேஷன்ல ஒரு மூட்டைய தொப்புனு போட்டதுக்கே மனுசன் நெஞ்சப் புடிச்சிக்கினாரு. உங்க வாசல்ல வாலா சரம் தொங்கறத காலையில பாத்துட்டுத்தான் போனேன்."

முதலாளி படியில் உட்கார்ந்தார். சிவந்து கிடந்த பட்டாசுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, அதே ஆட்டோவில் ஏறிச் சின்ன காஞ்சிபுரம் போனார். இருட்டிய பிறகு திரும்பி வந்தவர், "நிச்சயம் பண்ணியாச்சு. மனுசன் மத்தியானம் நல்லா தூங்கி எழுந்து, நம்ம வீட்டுல ரெண்டு தடவ பாயசம் கேட்டாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை வேலையை விட்டு அனுப்புவதாக மிரட்டியது அவருக்கு மறந்தே போயிருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்காவுக்கு நன்றி சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சானதும் தட்டில் பழம், பூ, ஒரு பட்டுப்புடவையோடு என்னை அனுப்பினார்.

"மாப்ள வீட்டு ஆளுங்கள எங்க தங்க வைக்கறாரு?" என்றார் அக்கா.

"அத உங்களையே முடிவு பண்ணச் சொன்னாருக்கா."

அக்கா காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே குரல் பழையபடி பஸ் ஸ்டாண்டை எட்டியது. "எத்தினி பேரு வராங்க? அதுல மாடி ஏற முடியாதவங்க யாரு யாரு? போயி எழுதிக்கினு வா!"

நான் சென்னைக்கு வந்து சில வருஷம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் எந்த ஏரியாவில் எந்த லாட்ஜ் நல்லது என்று இப்போது செல்போனிலேயே ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே போகும்போது நான் ரூம் போடுவதில்லை. ஸ்டேஷன் வாசலில் மற்ற ஆட்டோக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, "அக்கா சவாரி முடிச்சு வரட்டும்பா" என்று வெயிலில் நின்றுகொண்டிருப்பேன்.