போட்டோவில் இருந்த சாம்பார்

“அண்ணே, சாம்பார் எங்கண்ணே?”

மத்தியானம் ஒரு மணிக்குப் போனில் இப்படிக் கேட்டவன் கலைச்செல்வன். சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்த என்ஜினீயர், கல்யாணம் ஆகாதவன், குவார்ட்டர்ஸில் அடுப்பே வாங்காதவன். ஆகவே லூசியம்மாள் மெஸ்ஸின் நிரந்தர வாடிக்கையாளன்.

“கேரியர்ல ரெண்டாவது அடுக்குல இருக்குது பாரு தம்பி” என்றார் இன்னாசிமுத்து.

“அது கேரியர்ல வந்த சாம்பார்ண்ணே. காலையில வாட்ஸ்அப்புல போட்டீங்களே, அந்த சாம்பார் எங்க?”

இன்னாசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. காலையில் போட்டது ‘ஆயில் பெயின்டிங்’ சாம்பார். பொன்னிற அலைகள் சுழன்று சுழன்று அடிக்க, நடுவே முருங்கைக்காய்கள் படகுகள் போல மிதந்துகொண்டிருந்தன.

“கல்யாணத்துல மாப்ளை ஃபிளெக்ஸ் பேனர்ல இருக்கிற மாதிரியேவா நேர்ல இருக்கிறான்? அதுக்காக எவனாவது பந்தியிலேருந்து எழுந்து போறானா? சாப்புடு தம்பி!” என்று போனை வைத்தார்.

இன்னாசிமுத்து முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். எந்த ஷிப்ட் ஆனாலும் கண்ணுக்கு எதிரே கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீட்டுக்கு வந்தார். மனைவி லூசியம்மாள் முன்னறையில் மெஸ் தொடங்கினாள். சமையல் அவள்; மொபெட்டில் கேரியர் கொண்டுபோவதும் விளம்பரமும் அவர்.

லீவுக்கு வந்த மகள் ஏஞ்சலின், அப்பாவின் போனில் போட்டோவை ஓவியமாக்கும் ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு தட்டு இட்லியைப் படம் எடுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். இட்லிகள் ஏரியில் விழுந்த நிலாக்கள் ஆயின. மனிதர் அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

“ஏங்க, நான் நாக்குக்குச் சமைக்கிறேன். நீங்க கண்ணுக்குப் பரிமாறிகினு கெடக்கிறீங்க” என்றாள் லூசியம்மாள், வெங்காயம் நறுக்கியபடியே.

“உனக்கு கலை தெரியாது லூசி.”

“எனக்குக் கொழம்பு தெரியும். என் கொழம்பு அந்தப் படத்துல இல்ல.”

இருந்தாலும் கலைச்செல்வனின் புகார் அவரை உறுத்தியது. சரி, ஆயில் பெயின்டிங் கொஞ்சம் அதிகம்தான் என்று அடுத்த நாள் மீன் குழம்புக்கு ‘வாட்டர் கலர்’ போட்டார். நிறமெல்லாம் கரைந்து, சட்டியைத் தாண்டி ஓடி, ஓரத்தில் ஆவியாகியிருந்தது. பார்க்க அவ்வளவு மென்மை.

பதினோரு பேர் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் ஒரே காரணம்: “கொழம்பு ரொம்பத் தண்ணியா இருக்குது போல.”

மிஞ்சிய குழம்பை லூசியம்மாள் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். எதிர்வீட்டு மாணிக்கம்மாள் கிண்ணத்தை வழித்துவிட்டு, “இந்தக் கெட்டிக் கொழம்பையா வேணாம்னாங்க? கண்ணு அவிஞ்ச பசங்க” என்றாள். லூசியம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள். பாத்திரங்கள் சற்றுப் பலமாக விழுந்தன.

‘நிறம்தான் பிரச்னை. நிறத்தையே எடுத்துவிட்டால்?’ என்று யோசித்தார் இன்னாசிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. மெஸ்ஸுக்கு விடுமுறை. அதை அறிவிக்க, கரண்டியுடன் நிற்கும் லூசியம்மாளைப் படம் எடுத்து ‘பென்சில் ஸ்கெட்ச்’ ஆக்கினார். கறுப்பு வெள்ளையில் அவள் முகத்துக்கு ஒரு சாந்தம் வந்திருந்தது. சுற்றிலும் முட்டை வடிவத்தில் ஒரு சட்டம் போட்டார். கீழே எழுதினார்: ‘லூசியம்மாள். இன்று சமையல் இல்லை.’

காலை எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. பட்டுப்புடவையில் தயாராக இருந்த லூசியம்மாள் போய்த் திறந்தாள். வாசலில் கலைச்செல்வனும் நாலு பேரும் தலைகுனிந்து நின்றார்கள். கையில் ஆளுயர ரோஜா மாலை.

“அக்கா கையால சாப்ட்ட கடைசி சாப்பாடு...” என்று தழுதழுத்த கலைச்செல்வன் நிமிர்ந்து பார்த்தான். மாலை கீழே விழுந்தது. பின்னால் நின்ற ஒருவன் ஏற்கெனவே கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

லூசியம்மாள் குனிந்து மாலையை எடுத்தாள். உள்ளே வந்து கணவரின் மடியில் வைத்தாள்.

“உசுரோட இருக்கிறவளுக்கு மாலை வாங்க வச்சிட்டீங்க. நாளையிலேருந்து உள்ளத உள்ளபடி போடுங்க.”

“முடியாது” என்றார் இன்னாசிமுத்து. “முப்பத்தோரு வருஷம் உள்ளத உள்ளபடியே பாத்தவன் நானு. இனிமே முடியாது. நிறத்தை எடுத்ததுதான் நான் செஞ்ச தப்பு. நாளைக்குப் பாரு!”

மறுநாள் அவர் போட்ட ஃபில்டரின் பெயர் ‘திருவிழா’. கோழி வறுவல் ரயில்வே சிக்னல் மாதிரி எரிந்தது. புதினாச் சட்னி இருட்டில் வைத்தால் வெளிச்சம் தரும் போலிருந்தது. கேசரியைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் விடாமல் போட்டார். “அண்ணே, கலர் பொடி கிலோ கணக்குல வாங்குறீங்களா?” என்று வந்த கேள்விகளுக்கு அவர் பதிலே அனுப்பவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஜீப் நின்றது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆதிலட்சுமி இறங்கினார். பின்னால் ஃபைலும் கண்ணாடிக் குடுவைகளுமாக ஓர் உதவியாளர்.

“சாப்பாட்டுல செயற்கைக் கலர் கலக்கறதா புகார் வந்திருக்கு” என்று போனை நீட்டினார் ஆதிலட்சுமி. திரையில் இன்னாசிமுத்துவின் கோழி எரிந்துகொண்டிருந்தது.

“அது ஃபில்டர் மேடம்.”

“மாட்டினவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க. ஃபில்டர்னு இப்பத்தான் கேக்கறேன். இந்தக் கோழியக் காட்டுங்க.”

இன்னாசிமுத்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியோடு தூக்கி வந்தார். வறுவல், மிளகு தூக்கலாக, நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது.

“இது வேற கோழி” என்றார் ஆதிலட்சுமி.

இன்னாசிமுத்துவின் ரத்தம் கொதித்தது. சட்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். “மேடம், அப்படியே நில்லுங்க” என்று ஒரு படம் பிடித்து, திருவிழாவைத் தட்டி, அவர் முகத்துக்கு நேரே காட்டினார். திரையில் கிளிப்பச்சைக் கன்னங்களும் ஊதா மூக்குமாக ஆதிலட்சுமி முறைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் நான் கலர் பொடி போட்டேனா மேடம்?”

உதவியாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. ஆதிலட்சுமி உதட்டை அழுத்திக்கொண்டு, “ஒரு டம்ளர்ல தண்ணி” என்றார்.

தண்ணீர் ஏற்கெனவே தயாராக இருந்தது. லூசியம்மாள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒரு கோழித்துண்டை அதில் போட்டார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. சிவப்பு இறங்கவில்லை, கொஞ்சம் மஞ்சளும் மிளகும் மட்டும் மிதந்தன. கேசரிக்கும் அதே சோதனை. அப்புறம் அலுவலர் சோதனைக்கு இல்லாத இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குரல் மாறியிருந்தது.

“கலர் இல்ல. சுத்தமான சாப்பாடு. அப்படியே எழுதித் தர்றேன், ஃப்ரேம் போட்டு மாட்டிக்குங்க. ஆனா சார், இனிமே இந்த மாதிரி போட்டோ போடக் கூடாது. ஜனங்கள ஏமாத்தற விளம்பரம். எழுத்து மூலமா எச்சரிக்கை குடுக்கறேன். மீறினா நடவடிக்கை.”

“கலர் கலந்தேனா? இல்ல. கெட்டது குடுத்தேனா? இல்ல. அப்புறம் எதுக்கு மேடம் நான் பயப்படணும்?” இன்னாசிமுத்துவின் குரல் தெருவரைக்கும் போயிற்று. மாணிக்கம்மாள் எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்தாள். அவருக்கு உற்சாகம் கூடியது. “வாடிக்கைக்காரன் கேலி பண்ணான், தாங்கிகினேன். மாலை கொண்டாந்தானுங்க, தாங்கிகினேன். ஆனா மறைஞ்சிகினு புகார் எழுதிப் போடறது இன்னா வேலை? ஒளிஞ்சிகினு கல்லெறியறவனுக்கு நான் அடங்க மாட்டேன்! துணிச்சல் இருந்தா அந்த ஆளு என் முன்னாடி வந்து நிக்கட்டும்!”

உதவியாளர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை உருவினார்.

“லூசியம்மாள்ங்கிறது நீங்கதானேம்மா? நீங்க குடுத்த புகார் மேல விசாரணை முடிஞ்சிடுச்சின்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”