மடிப்புக்குள் போன வண்டித்தடம்

காற்றைக் கண்டால் எனக்கு இன்றும் பயம். புயல்காற்றைச் சொல்லவில்லை. காகிதத்துக்கு அடியில், நாலணாக் காசு அகலத்துக்கு மாட்டிக்கொண்டு உப்பி நிற்குமே, அந்தக் காற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நில அளவை அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் வாய் மட்டும் முதல் நாளே நிரந்தரமாகிவிட்டது. ஆயக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அச்சு வரைபடம் கிழியும் நிலையில் இருந்தது. அதைத் துணியில் ஒட்டி வைக்க ஆள் தேடினார் தலைமை எழுத்தர் இப்ராகிம் ராவுத்தர். “நான் ஒட்டுவேன் சார், எனக்கு இது பழக்கம்” என்றேன். (அதுவரை நான் ஒட்டியது தபால்தலை மட்டுமே.)

மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, காடாத் துணியை மேசையில் இழுத்து விரித்தேன். நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் காற்று வெளியேறிவிடும். இது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு மூலைகள் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை. நான்கு ஓரத்தையும் முதலில் ஒட்டிவிட்டேன். காற்று பாவம், எங்கே போகும்? ஈரத்தில் காகிதமும் விரிந்து, நடுவில் சோளப் பணியாரம் மாதிரி எழுந்து நின்றது.

குண்டூசியால் குத்தினேன். காற்று போனது, தாள் மிஞ்சியது. அதை மெல்ல மடித்து, ரூல்தடியை மேலே உருட்டி அமுக்கினேன். தடவிப் பார்த்தால் மட்டும் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ராவுத்தர் பார்த்துவிட்டு, “நல்லா ஒட்டியிருக்கேப்பா” என்றார். ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பழனியாத்தாள் என்ற கொய்யாத் தோப்புக்காரம்மா வந்து நின்றார். பின்னாலேயே பக்கத்துக் காட்டுக்காரர் சின்னச்சாமி. அவர் எங்கள் சுவரில் தொங்கிய படத்தில் தடம் இல்லை என்று பார்த்துவிட்டுப் போய், தன் காட்டு வழியே போகும் அந்த அம்மாவின் வண்டித்தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டாராம்.

“ஏனுங்க, எங்க மாமனார் காலத்திலிருந்து வண்டி போற தடமுங்க. மூணு நாளாப் பழம் மரத்துலயே கனிஞ்சு உதிருது. ஒத்தைப் பொம்பளை கூடையில சொமந்து எம்புட்டுங்க வெளிய கொண்டாறது?”

“படத்துல தடம் இருந்தா முள்ளை நானே எடுத்துப் போடறனுங்க” என்றார் சின்னச்சாமி.

பழைய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. படம்தான் சாட்சி. ராவுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் தேடினார். “இல்லையேம்மா. இல்லைன்னுதான் எழுதிக் குடுக்கணும்” என்று பேனாவை எடுத்தார்.

நானும் உதவுகிற பாவனையில் படத்தைத் தடவினேன். தோப்புக்கு மேற்கே பெருவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. நான் ரூல்தடியால் அமுக்கிய அதே மடிப்பு. கையை எடுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. வேலையும் நிரந்தரமாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன், அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்... தடம் இருக்கு.”

“எங்கப்பா?”

“மடிப்புக்குள்ள.”

ஈரத்துண்டைப் போட்டு ஊறவைத்தேன். கால் மணி நேரம் நாங்கள் நால்வரும் படத்தைச் சுற்றி நின்றோம். பிறகு மடிப்பை நகத்தால் மெல்ல நிமிர்த்தினேன். இரண்டு புள்ளிக்கோடுகள், தோப்பிலிருந்து சாலை வரைக்கும், அலுங்காமல் கிடந்தன.

சின்னச்சாமி மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். “ஏனுங்க தம்பி, இதுக்குள்ள எங்க காடு இன்னும் ஏதாச்சும் இருந்தா அதையும் எடுத்துக் குடுத்துருங்க” என்றார்.

ராவுத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழனியாத்தாள் சிரிக்கவில்லை. “இப்பவாச்சும் சொன்னீங்களே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. உதிர்ந்த பழத்தை எந்தப் பசையாலும் மரத்தில் ஒட்ட முடியாதே.

என் வேலை நிரந்தரமாக இன்னும் ஓராண்டு பிடித்தது. அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகு தபால்தலை ஒட்டக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலும் அதே கதைதான். பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடும்போது, “அப்பாகிட்ட குடுக்காதே, பேரையே மடிச்சு ஒட்டிருவாரு” என்று பசைக் கிண்ணத்தை ஒளித்துவைப்பார்கள்.

கொய்யாப்பழம் வாங்கி வந்தால் என் மனைவி இன்றும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: “இது உதிர்ந்ததா, தடம் வழியா வந்ததா?”

“தடம் வழியாத்தான் வந்துச்சு” என்று நான் சொன்ன பிறகுதான் நறுக்குவாள்.