உன் செடிகளைக் கூட்டிக்கொண்டு போ

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அங்கே நீயும் என் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருபத்து மூன்று தொட்டிகளின் நலத்தை மட்டும் என்னிடம் கேட்காதே. வேலை மாற்றல் என்று நீங்கள் மூட்டை கட்டிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வண்டி அனுப்பிச் செடிகளை எடுத்துப்போ என்று போனில் மூன்று முறை சொல்லிவிட்டேன். நீ "பாக்கறேன் மாமா" என்கிறாய். அதனால்தான் எழுத்திலேயே தருகிறேன். என்னால் ஆகாது.

முப்பத்தொரு வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவன் நான். ஐந்நூறு பிள்ளைகளை ஒரே விசிலில் அடக்கியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று, முதல் நாளே மொட்டைமாடியில் தொட்டிகளை உயர வாரியாக நிறுத்தினேன். குட்டை முன்னால், நெட்டை பின்னால். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. நிழலில் வளர வேண்டிய உன் குட்டைச் செடிகள் முன்வரிசையில் நின்று மூன்றே நாளில் சருகாகிவிட்டன. உன் அத்தை மேலே வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதுங்க என்ன தப்பு பண்ணுச்சுன்னு வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

சரி, தண்ணியாவது காட்டுவோம்னு மத்தியானம் குழாயைத் திறந்தா, டேங்க் தண்ணி கொதிக்குது. கவனிக்காம ஊத்தினதுல மிளகாய்க் கன்னு ரெண்டும் வெந்தே போச்சு. தக்காளிக்காவது ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நானே பக்கத்துல குடை பிடிச்சு நின்னேன். வெயில்ல நின்னாத்தான் உடம்பு உறுதிப்படும்னு அத்தனை வருஷம் பிள்ளைங்ககிட்ட கத்தினவன், தக்காளிக்குக் குடை பிடிக்கறதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துட்டார். அவர் என்கிட்ட படிச்சவர்.

போன செவ்வாய்க்கிழமை அதே வானம் ஆலங்கட்டியைக் கோலிக்குண்டு மாதிரி கொட்டுது. ஒவ்வொரு தொட்டியா வயித்தோட அணைச்சுப் படி இறங்கினேன். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?"ன்னு திட்டிக்கிட்டே உன் அத்தை பாதிப் படியில நின்னு வாங்கி வாங்கி உள்ள வெச்சா. இப்ப கூடம் பூராவும் செடிதான். டிவியை ரோஜா மறைக்குது. நீங்க போனதுலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் வீடு ரொம்பப் பெரிசா இருந்துச்சும்மா. அன்னிக்குத்தான் கொஞ்சம் நிறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அது கிடக்கட்டும். ஆகவே, உடனடியாக வண்டி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. என் மகனையும் அலையவிடாதே. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் பார்த்து நீ அனுப்பிய வண்டி வந்து நின்றது. டிரைவர் தங்கமான மனிதர், அவரே எல்லாவற்றையும் ஏற்றினார். உன் அத்தை வெளியே வரவே இல்லை, அடுப்படியில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டிக் கதவைச் சாத்தப் போனவரிடம் நான்தான், "எல்லாத்தையும் இறக்கிடுப்பா" என்றேன். வண்டி காலியாகத்தான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவையாவது நீயே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போ.