லிஃப்ட் பட்டனும் என் முன்மூளையும்

இன்னிக்குக் காலைல எனக்கு இருந்தது ஒரே வேலை. மூணு வயசு மகளைக் கீழ ப்ளேஸ்கூல்ல விட்டுட்டு, புனேல ஐடி கம்பெனிங்க இருக்குற ஹிஞ்சேவாடி போற கம்பெனி கேப்ல ஏறணும். அந்த கேப் யாருக்காகவும் நிக்காது. போனதுமே மீட்டிங், பேச வேண்டியவன் நான்.

லிஃப்ட்ல ஏறினோம். பக்கத்து ஃப்ளாட் மராத்திக்காரம்மா, இங்க எல்லாருக்கும் அவங்க காக்கு, நம்மூர்ச் சித்தி மாதிரி, நல்ல மனசோட கிரவுண்ட் ஃப்ளோர் பட்டனை அமுக்கிட்டாங்க.

அந்தப் பட்டன் எங்க மகளோட சொத்து.

லிஃப்ட் கீழ வர்றதுக்குள்ள அவ தரையில படுத்துட்டா. அலறல் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

நான் பதறல. குழந்தைங்க அடம் பிடிக்கிறதைப் பத்தி நேத்துதான் ஒரு வீடியோ பாத்திருந்தேன். கோபத்தை அடக்குற முன்மூளை இந்த வயசுல சரியா வளர்ந்திருக்காதாம். அழறப்போ புத்தி சொன்னா ஏறாதாம். நாமளும் அவங்க உயரத்துக்கு உக்காந்து, என்ன உணர்ச்சின்னு பேர் சொல்லிட்டுக் காத்திருக்கணும். கேட்டதை மட்டும் குடுத்துடக் கூடாது.

இஸ்திரி பேண்ட்டோட லிஃப்ட் தரையில உக்காந்தேன்.

"கண்ணு, உனக்குக் கோபமா இருக்கு. பட்டனை நீ அமுக்கணும்னு நினைச்ச. கோபப்படலாம். ஆனா மறுபடி மேல போக மாட்டோம்."

அலறல் இன்னும் ஏறுச்சு.

"அரே பாபா, மேல போய் அவளையே அமுக்க விடு. ஒரு நிமிஷ வேலை," காக்கு இந்தில சொன்னாங்க.

"இல்ல காக்கு, சயின்ஸ் அப்படிச் சொல்லல"ன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

லிஃப்டுக்குக் காத்திருந்தவங்க என்னை முறைச்சுட்டுப் படியேறிப் போனாங்க.

ஆனா சத்தியமா அது வேலை செஞ்சது. அழுகை ஓய்ஞ்சு, அவளே என் மடியில ஏறி உக்காந்தா. பெருமையா அவளைத் தூக்கிட்டு வெளிய வந்தா, கேப் கேட்டைத் தாண்டிப் போயிட்டு இருக்கு.

அவளை இறக்கி விட்டுட்டு, "பையா, ருக்கோ"ன்னு டிரைவரை நிக்கச் சொல்லிக் கத்தினேன். நிக்கல. பையைத் தரையில எறிஞ்சேன். அது போதாதுன்னு ஒரு உதையும் விட்டேன். டிபன் பாக்ஸ் திறந்து தயிர்சாதம் பார்க்கிங்ல கொட்டிடுச்சு.

அள்ளுறதுக்கு உக்காந்தேன். மக எதிர்ல வந்து உக்காந்தா.

"அப்பா, உனக்குக் கோபமா இருக்கு."

"ஆமாம்மா."

"கோபப்படலாம். ஆனா கேப் வராது."

சொல்லிட்டு அமைதியா காத்திருந்தா.

முன்மூளை முழுசா வளர இருபத்தஞ்சு வயசாகும்னு அந்த வீடியோல சொன்னாங்க, எனக்கு நாப்பத்தொண்ணு.