மில்லிமீட்டரின் எட்டரை மணி

தாம்பரத்தில் மழை பெய்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் வானத்துக்குக் கிடையாது. அது மில்லிமீட்டர் ஒருவருக்குத்தான் உண்டு. நாம் தொப்பலாக நனைந்து வந்து நின்றாலும், அவர் நோட்டில் எழுதாதவரை அது மழை ஆகாது, வெறும் ஈரம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நாவலூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் அடையாள அட்டையில்கூட அது அச்சாகியிருந்தது. ஆனால் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் மில்லிமீட்டர்தான். டேட்டாபேஸைக் கட்டிக் காப்பது அவர் உத்தியோகம். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில், தன் வீட்டு மொட்டைமாடியில் மழைமானி ஒன்றை வைத்து, தினமும் காலை சரியாக எட்டரைக்கு அதில் விழுந்த தண்ணீரை அளந்து எழுதுவது பொழுதுபோக்கு. இரண்டில் எதற்குச் சம்பளம் வருகிறது என்பது சில நாள் அவருக்கே மறந்துவிடும்.

பத்தொன்பது வருடம், ஒரு நாள் விடாமல் இந்தக் கூத்து. அக்னி நட்சத்திரத்தில் காக்காய்கூட வெளியே வராத நாளிலும் மாடியேறி, காலிப் பாட்டிலை உற்றுப் பார்த்து, '0.0' என்று எழுதிவிட்டு இறங்குவார்.

"தினமும் பூஜ்யம்தானே சார், மாசக் கடைசியில மொத்தமா எழுதிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நேத்து பெய்யாத மழை வேற, இன்னிக்குப் பெய்யாத மழை வேற சார். டேபிள்ல ஒரு வரி விட்டுப்போனா மொத்த டேபிளும் பொய்."

ஒருமுறை கம்பெனி அவரை ஆறு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தது. நாங்கள் எல்லாம் அந்த வாய்ப்புக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த காலம். இவர் முடியாது என்றார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று மேனேஜர் பரிவோடு விசாரித்தார். "ஆமா சார், எட்டரை மணி," என்றார் இவர். அவருக்குப் பதில் போன பையன் திரும்பி வந்து அவருக்கே மேனேஜர் ஆனான். இவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய ஒரு கார்த்திகை மாதம், ஊரே பிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டிருந்தது. மில்லிமீட்டர் மடக்கிய குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடியில் நனைந்தபடி நின்றார். விரித்தால்தான் என்னவாம்? "குடைத் தண்ணி மானியில தெறிச்சா கணக்குத் தப்பிடும் சார்!" என்று மேலிருந்தே கத்தினார். ஒரு வாரம் ஜுரத்தில் படுத்தார். எட்டரைக்கு மட்டும் எழுந்தார்.

செல்போனில் வரும் மழைச் செய்திகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "தாம்பரத்தில் கனமழைன்னு போட்டிருக்கான். எந்தத் தாம்பரம்? கிழக்கா, மேற்கா? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வேற மழை சார்!"

இப்படிப்பட்டவருடைய பெண்ணுக்குப் போன ஐப்பசியில் கல்யாணம் என்று நிச்சயமானது. மண்டபம் சிங்கப்பெருமாள் கோவிலில். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது.

மில்லிமீட்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி என்னிடம் குமுறித் தீர்த்துவிட்டார். "முகூர்த்தத்தைப் பத்து மணிக்கு மாத்த முடியுமான்னு ஜோசியர்கிட்ட கேக்கறார் சார்! ராகு காலமாம், பரவால்லியாம்!"

கடைசியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தது என் ஜாதக விசேஷம். எங்கள் தொழிலில் ஒருவர் வேலையை விட்டுப் போவதற்கு முன் அதை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அதே முறைப்படி எனக்கு இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. முதல் வாரம் அவர் அளக்க நான் பார்த்தேன். இரண்டாம் வாரம் நான் அளக்க அவர் பார்த்தார். பதினான்கு பக்கத்துக்கு ஒரு கையேடும் கொடுத்தார். அதில் 'பாட்டிலில் எறும்பு இருந்தால்' என்று தனி அத்தியாயமே உண்டு.

"உங்களை நம்பித்தான் சார் பொண்ணைக் கட்டிக் கொடுக்கறேன்," என்றார். மாப்பிள்ளையிடம்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே மழை. என் மனைவி பட்டுப்புடவையோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள். நான் பட்டுவேட்டியோடு மில்லிமீட்டர் வீட்டு மாடியில் நின்றேன். கையேட்டின்படி குடை விரிக்கவில்லை.

கீழே இஸ்திரி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், கல்யாணம் அங்க நடக்குது, நீ மாடியில இன்னா பண்ணிகினு கீற?"

"கல்யாண வேலைதான்ப்பா," என்றேன்.

எட்டு இருபத்தொன்பது. மானியின் புனலைக் கழற்றி, உள்ளேயிருந்த பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தேன். அளவு கிளாஸில் ஊற்றச் சாய்க்கும் நேரம், சட்டைப் பையில் செல்போன் அலறியது. தூக்கிவாரிப் போட்டதில் பாட்டில் கவிழ்ந்து, அத்தனை மழையும் மாடித் தரையில் ஓடியது. தரையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மழையோடு அது கலந்தும்விட்டது.

போனில் மில்லிமீட்டர். பின்னால் நாதஸ்வரம். "சார், எவ்ளோ?"

"போனை வைங்க சார், தாரை வார்க்கணும்!" என்று ஐயர் அதட்டுவதும் கேட்டது. அங்கே அவர் தாரை வார்க்குமுன் இங்கே நான் வார்த்து முடித்திருந்தேன்.

பெண்ணைப் பெற்றவனிடம் அந்த நிமிடத்தில் எப்படி உண்மையைச் சொல்வது? "பன்னெண்டு புள்ளி மூணு," என்றேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று வைத்துவிட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி வரை ஊர்ந்து, நான் மண்டபம் சேர்ந்தபோது மணமக்கள் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிபன் பந்தியில் இலைகூட எடுத்தாகிவிட்டது. மில்லிமீட்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறும்பு இருந்துதா சார்?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பத்தொன்பது வருட உண்மையில் ஒரு பொய்யைக் கலந்துவிட்டோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. ஐந்தாம் நாள் மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய், "சார், அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு," என்று ஆரம்பித்தேன்.

"கொட்டிட்டீங்க. தெரியும் சார்."

"எப்படி?"

"நம்ம கிளாஸ்ல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு, நாலு, ஆறு, எட்டுன்னுதான் கோடு. அதுலயே படிக்கணும்னு கையேட்டுல இருக்கு, எட்டாம் பக்கம். மூணு எங்கேர்ந்து வரும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்?"

"கையில பொண்ணோட கை இருந்துது சார்," என்றார்.

பிறகு நோட்டைப் பிரித்துக் காட்டினார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, மழைக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. பக்கத்தில் 'குறிப்பு' என்ற கட்டம். அதில் எறும்பு, காக்கா தவிர அவர் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. அன்றைய தேதிக்கு நேரே குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: 'நண்பர் கல்யாண டிபனை விட்டுவிட்டு மாடியில் நனைந்தபடி நின்றார்.'

எத்தனையோ மேனேஜர்கள் வருடா வருடம் என்னைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஒன்றையும் நான் இன்னொரு தரம் படித்ததில்லை. இதை மட்டும், அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "சார், அந்த ஐப்பசிப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டு வாங்கிப் படிக்கிறேன்.